கடைமடைக்கு வந்த ஃபர் கோட்

திருத்துறைப்பூண்டியில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். காதோடு மப்ளரைச் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிறவர் அதையே கடுங்குளிர் என்பார். அந்த ஊரிலிருந்து என் அக்கா மகள் மேற்படிப்புக்காகக் கனடாவின் வின்னிபெக் நகரத்துக்குப் புறப்பட்டாள். அங்கே ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 டிகிரி என்பது சாதாரணம். காற்றும் சேர்ந்துகொண்டால் முகத்தில் அது மைனஸ் 30, 35 என்று உறைக்கும்.

டெல்டாவில் இன்று வெளிநாட்டில் பிள்ளை இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். போய்த் திரும்பியவர்களின் கனத்த கோட்டுகள் இங்கே கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அப்படி ஒரு கோட், டொராண்டோவில் ஏழெட்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்ப நண்பர் வீட்டிலிருந்து வந்தது. கூடத்து ஊஞ்சல் பலகையில் அதை விரித்துப் போட்டோம். தலையை மூடும் ஹூடின் விளிம்பு முழுவதும் சாம்பலும் பழுப்பும் கலந்த அடர்ந்த மயிர். அக்கா அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். "மாமா, இது நிஜ மயிரா, செயற்கையா?" என்று பெண் கேட்டாள்.

கண்டுபிடிப்பது எளிது. மயிரின்மேல் வாயால் ஊதினேன். நீண்ட மயிர்கள் இரு பக்கமும் விலகின. அவற்றின் அடியில் பஞ்சுபோல் நெருங்கிய குட்டை மயிர் தெரிந்தது. அதையும் விரலால் விலக்கினால், அடியில் வெளிறிய தோல். செயற்கை ஃபராக இருந்திருந்தால் அங்கே துணியின் பின்னல் கண்ணிகள் வரிசையாகத் தெரிந்திருக்கும். நுனியையும் பார்க்கலாம்: விலங்கின் மயிர் நுனிக்குப் போகப்போக ஊசிபோல் மெலியும், ஆலை இழை பெரும்பாலும் வெட்டியதுபோல் முடியும். அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால், இரண்டு மயிரைப் பிடுங்கி இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டலாம். தலைமயிர் கருகும் நாற்றம் வந்து சாம்பலாக உதிர்ந்தால் விலங்கு. உருகிச் சுருண்டு கெட்டியான உருண்டையாக நின்றால் பிளாஸ்டிக். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. கோட்டின் உட்பக்கச் சீட்டிலேயே கயோட்டி என்று போட்டிருந்தது.

கயோட்டி வட அமெரிக்க விலங்கு. கோடிக்கரைப் பக்கம் இரவில் ஊளையிடும் நம் நரிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். இரண்டும் ஒரே பேரினம். அதைப் பண்ணையில் வளர்ப்பதில்லை. காட்டில் கண்ணியும் பொறியும் வைத்துப் பிடிக்கிறார்கள். காலைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பொறியை ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் இயற்றிய விதியால் தன் எல்லைக்குள் தடை செய்தது. வட அமெரிக்காவில் அதன் பல வடிவங்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. பொறியில் சிக்கிய விலங்கு, பொறி வைத்தவர் வந்து பார்க்கும்வரை அங்கேயே கிடக்க வேண்டும்.

"குளிருக்கு இது வேண்டும்தானே? அழகுக்காக இல்லையே?" என்றாள் அக்கா. நியாயமான கேள்வி. ஃபர் எப்படிக் குளிரைத் தடுக்கிறது என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

இதற்கு நம் ஆற்றிலேயே ஒரு வாத்தியார் இருக்கிறது: நீர்நாய். காவிரியிலும் கொள்ளிடத்திலும் இன்றும் அது உண்டு. வலையைக் கிழித்து மீனைத் தின்றுவிடுகிறது என்று மீன்பிடிப்பவர்கள் திட்டுவார்கள். மருதநிலத்துப் பொய்கையில் வாளை மீனைக் கவ்வும் நீர்நாயைச் சங்கப் புலவர்களே பாடிவிட்டார்கள்; அத்தனை காலமாக அது நமக்குப் பழக்கம். நாளெல்லாம் தண்ணீரில் கிடக்கும் அந்த விலங்கின் தோல் நனைவதில்லை. அதன் மயிர் இரண்டு அடுக்கு. மேலே நீண்ட, சற்றுத் தடித்த மயிர். கீழே நெருங்கிய மெல்லிய அடிமயிர். மேலடுக்கு தண்ணீரை வழித்துவிடுகிறது. அடியடுக்கு காற்றைச் சிறைபிடித்து வைத்துக்கொள்கிறது. பசிபிக் கடலோரத்தில் வாழும் இதன் உறவான கடல்நீர்நாய்க்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மயிர்கள். மனிதத் தலையில் அதே பரப்பில் சுமார் 200.

ஆகக் குளிரைத் தடுப்பது அசையாமல் நிற்கும் காற்று. மயிருக்கென்று தனிச் சூடு கிடையாது. மார்கழிப் பனியில் கன்றுக்குட்டிக்கு வைக்கோல் பரப்புகிறோமே, அங்கே நடப்பதும் இதுதான். காற்றை அசையாமல் பிடித்துவைக்கும் எதுவும் குளிருக்கு ஆகும்: கம்பளி, இறகு, பஞ்சு, பாலியஸ்டர் இழை. ஊஞ்சலில் கிடந்த கோட்டில் உடம்பைக் காத்தது உள்ளே அடைத்திருந்த வாத்து இறகு. கயோட்டி மயிர் ஹூடின் ஓரத்தில் மட்டும்தான் இருந்தது.

அந்த ஓரத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லமாட்டேன். நீளமும் குட்டையுமான மயிர்கள் முகத்தைச் சுற்றி நிற்கும்போது வீசும் காற்று அவற்றில் மோதி வேகம் இழக்கிறது. கன்னத்தை ஒட்டி அசையாத காற்று கொஞ்சம் தங்குகிறது. ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். மூச்சின் ஈரம் மயிரில் உறைபனியாகப் படியும். வோல்வரின் என்ற விலங்கின் மயிரிலிருந்து அந்தப் பனியை எளிதில் உதறிவிடலாம் என்பதால் அதை ஹூடின் ஓரத்துக்கென்றே தேர்ந்தெடுத்தார்கள். செயற்கை இழை இந்த ஒரு விஷயத்தில் பின்தங்கியது. ஈரம் பட்டு உறைந்தால் ஒட்டிக் கொத்துக்கொத்தாக நிற்கும். பனிவெளியில் நாள்கணக்கில் வேட்டைக்குப் போகிறவருக்கு அது பெரிய குறை. விடுதியிலிருந்து பஸ் நிறுத்தம், அங்கிருந்து வகுப்பறை என்று போகும் மாணவிக்கு அது குறையே ஆகாது. ஆழமான ஹூடும், மூக்குவரை ஏற்றிக் கட்டிய கம்பளி மப்ளரும் அவளுக்குப் போதும்.

இன்யூட் மக்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சீல் என்ற கடல்விலங்கின் இறைச்சியைத் தின்று அதன் தோலை உடுத்துவது அவர்களுடைய வாழ்வாதாரம். ஐரோப்பா 1983இல் சீல் குட்டிகளின் தோலுக்குத் தடை விதித்தபோது, அந்தக் குட்டிகளை வேட்டையாடாத இன்யூட் மக்களின் சந்தையும் சேர்ந்து சரிந்தது. 2009இல் வந்த விரிவான சட்டத்தில் அவர்களுக்கு விலக்கு தர வேண்டியிருந்தது. அவர்களுடைய உடையைக் காட்டி, மாநகரக் கடைவீதியில் விற்கும், மிங்க் என்ற சிறு விலங்கின் தோலால் ஆன கோட்டுக்கு நியாயம் தேடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உலகில் விற்கும் ஃபரின் பெரும்பகுதி காட்டிலிருந்து வருவதில்லை, பண்ணைகளிலிருந்து வருகிறது. அங்கே முதலிடம் மிங்குக்கு, பிறகு நரிகளும் ரக்கூன் நாய்களும். மிங்க் யார் என்று டெல்டாக்காரருக்குச் சொல்ல ஒரே வரி போதும்: நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே நீண்ட உடல், அதே குட்டைக் கால், ஆற்றங்கரையே வீடு. ஒவ்வொன்றும் தனித்து வாழும். கிலோமீட்டர் கணக்கில் கரையோரத்தைத் தன் எல்லையாக வைத்துக்கொள்ளும். முழு நீளக் கோட் ஒன்றுக்கு 50 முதல் 60 மிங்குகள் தேவைப்படும். பண்ணையில் அவற்றுக்குக் கிடைப்பது கம்பிவலைக் கூண்டு, காலுக்கடியிலும் கம்பிதான்.

இந்த விஷயத்தில் நான் மறக்க முடியாத ஆய்வு ஒன்று உண்டு. 2001இல் நேச்சர் இதழில் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் செய்தது. பண்ணை மிங்குகளுக்கு முன்னால் பல அறைகளை வைத்தார்கள். ஒன்றில் மாற்றுப் படுக்கை, ஒன்றில் விளையாட்டுப் பொருள்கள், ஒன்றில் ஏறி உட்கார உயரமான மேடை, ஒன்றில் நீந்தத் தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு அறைக்கும் கனமான கதவு. எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மிங்குகள் எதற்காக மிக அதிக எடையைத் தள்ளின என்றால், தண்ணீருக்காக. தொட்டிக்குப் போகும் வழியை 24 மணி நேரம் அடைத்து வைத்தபோது, சிறுநீரில் கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு ஏறியது. இரையை அடைத்தபோது ஏறிய அளவுக்கே ஏறியது. பல பத்துத் தலைமுறைகளாகக் கூண்டில் பிறந்து, ஆற்றையே கண்டிராத விலங்கு அது. மேட்டூர் ஜூனில் திறப்பதும் திறக்காததும் என்ன வித்தியாசம் என்று தெரிந்த ஊரில் உட்கார்ந்து அதைப் படித்தபோது, அடுத்த பக்கத்தைப் புரட்ட எனக்கு நேரம் பிடித்தது.

கொல்லும் முறைகளும் தோலுக்காகவே அமைந்தவை. மயிரில் கீறலோ இரத்தக் கறையோ படக் கூடாது. அதனால் மிங்குகளுக்கு வாயு, நரிகளுக்கு மின்சாரம். இதற்குமேல் விவரிக்க எனக்கு மனமில்லை.

2020இல் இந்தத் தொழிலின் இன்னொரு முகம் வெளிப்பட்டது. கொரோனா கிருமி மனிதர்களிடமிருந்து மிங்க் பண்ணைகளுக்குள் புகுந்து, அங்கே உருமாறி, மறுபடியும் மனிதர்களுக்குத் தொற்றியது. ஆயிரக்கணக்கான விலங்குகளை நெருக்கி அடைத்து வைத்த இடம் கிருமிக்குத் தோதாகிவிட்டது. அப்போது உலகின் முன்னணி மிங்க் உற்பத்தி நாடாக இருந்த டென்மார்க், அந்த நவம்பரில் நாட்டிலிருந்த அத்தனை மிங்குகளையும் கொல்ல உத்தரவிட்டது, 1.5 கோடிக்கும் மேல். அவசரத்தில் ஆழமில்லாத குழிகளில் புதைத்தார்கள். அழுகிய உடல்களில் வாயு சேர்ந்து உப்பி, அவை மண்ணுக்கு மேலே எழும்பி வந்தன. நிலத்தடி நீர் கெடும் என்று மக்கள் எதிர்த்ததால், மறு ஆண்டில் தோண்டியெடுத்து எரித்தார்கள். மிங்க் பண்ணைகளை 2024க்குள் மூடுவதாக இருந்த நெதர்லாந்து, அதை 2021க்கே முன்னுக்குக் கொண்டுவந்தது.

பிரிட்டன் இதற்கெல்லாம் முன்பே, 2000இல் சட்டம் போட்டுத் தன் பண்ணைகளை மூடிவிட்டது. இஸ்ரேல் 2021இல் ஃபேஷனுக்கான ஃபர் விற்பனையையே தடை செய்தது. கலிஃபோர்னியாவில் புது ஃபர் விற்பனைக்கான தடை 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் 2017 ஜனவரியில் மிங்க், நரி, சின்சில்லா என்ற கொறிவிலங்கு ஆகியவற்றின் ஃபர் இறக்குமதியை நிறுத்தியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கயோட்டி ஓரம் வைத்த கோட்டுகளாலேயே பெயர் பெற்ற கனடா கூஸ் நிறுவனம், ஃபரைக் கைவிடுவதாக 2021இல் அறிவித்தது. மைனஸ் 30 டிகிரிக்குக் கோட் செய்து விற்கும் நிறுவனமே அது இல்லாமல் சமாளிக்கலாம் என்கிறபோது, அக்காவின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது.

ஃபர் நமக்குத் தொலைதூர விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு நீர்நாயின் கதையைத் திரும்பவும் சொல்ல வேண்டும். 2003 அக்டோபரில் திபெத்தின் சாங்சாங் என்ற இடத்தில் சுங்கச் சோதனையில் ஒரே வண்டியில் அகப்பட்டவை 31 புலித்தோல்கள், 581 சிறுத்தைத் தோல்கள், 778 நீர்நாய்த் தோல்கள். இமயத்துக்குத் தெற்கேயுள்ள காடுகளிலும் ஆறுகளிலும் கொல்லப்பட்டவை இந்த வழியில்தான் வடக்கே போய்க்கொண்டிருந்தன. திபெத்தியத் திருவிழா உடைகளின் விளிம்பில் நீர்நாய்த் தோலைத் தைப்பது அப்போது பெருமைக்குரிய வழக்கம். 2006 ஜனவரியில், கிருஷ்ணை ஆற்றங்கரை அமராவதியில் கூடிய பெருந்திரளிடம் தலாய் லாமா அந்த வழக்கத்தை விடும்படி கேட்டுக்கொண்டார். சில வாரங்களில் திபெத்தில் மக்கள் தங்கள் தோலாடைகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். பரம்பரையாக வந்த, பெரும் பணம் பெறும் உடைகள் அவை. நம் ஆற்று நீர்நாயைப் பன்னாட்டு வணிகத்திலிருந்து முழுமையாக விலக்கும் முடிவு 2019இல் எடுக்கப்பட்டது.

செயற்கை ஃபர் எப்படி உருவாகிறது என்பது தனி அழகு. வட்டமாகச் சுழலும் பின்னல் இயந்திரத்தில் துணி உருவாகும்போதே, சீவிய இழைகளைக் கற்றையாக ஊட்டி ஒவ்வொரு கண்ணியிலும் மாட்டிவிடுகிறார்கள். இழை பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது மோடாக்ரிலிக். சூடுபட்டால் சுருங்கும் இழையையும் சுருங்காத இழையையும் கலந்து பின்னி, பிறகு சூடேற்றினால் ஒரு வகை சுருங்கிக் குட்டையாக அடியில் தங்கும். மற்றது நீண்டு மேலே நிற்கும். நீர்நாயின் ஈரடுக்கு ஆலைக்குள் வந்துவிடுகிறது. இந்த மோடாக்ரிலிக்கில் பெயர்பெற்ற ஜப்பானின் கனேகா நிறுவனத்தின் இழைதான் சவுரி முடிக்கும் விக்குக்கும் போகிறது. கல்யாண மண்டபத்தில் மணப்பெண்ணின் பின்னலைப் பார்த்து அசல் எது, சவுரி எது என்று திணறியவர்களுக்கு அதன் தரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அதன் குறையையும் மறைக்கக் கூடாது. அது பெட்ரோலியத்திலிருந்து வந்த பிளாஸ்டிக். பிளிமத் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை இயந்திரத்தில் துவைத்தால் 7 லட்சத்துக்கும் அதிகமான நுண்ணிழைகள் கழிவுநீரில் வெளியேறக்கூடும். சோதித்தது சாதாரண அக்ரிலிக் துணி. செயற்கை ஃபர் அதே குடும்பம்தான். கடைமடையில் இருப்பவர்களுக்கு இதன் பொருள் சட்டென்று உறைக்கும். மேலே எவர் எதை ஆற்றில் விட்டாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் நம்முடையது. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அதன் கீழிருந்த வயல்களைப் பாழாக்கிய கதை நமக்குத் தெரியும். நொய்யல் காவிரியில்தான் கலக்கிறது. 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. துணி எங்கோ தயாராகிறது என்று அலட்சியமாக இருக்க டெல்டாவால் முடியாது.

இதைப் பிடித்துக்கொண்டுதான் ஃபர் வியாபாரிகள், "எங்களுடையது இயற்கை, மண்ணில் மக்கிவிடும்" என்கிறார்கள். உரித்த தோல் அப்படியே விட்டால் இரண்டு நாளில் நாறும். அழுகாமல் இருக்க உப்பு, படிகாரம், ஃபார்மால்டிஹைடு, குரோமியம் போன்றவற்றில் போட்டுப் பதப்படுத்துகிறார்கள், பிறகு சாயம் ஏற்றுகிறார்கள். தோல் பதனிடுவது ஓர் ஆற்றை என்ன செய்யும் என்பதைப் பாலாற்றிடம் கேட்கலாம். வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பு சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்களுக்கு இன்றும் பாடம். இதோடு பண்ணைக் கழிவு, இறைச்சி தின்னும் விலங்குகளுக்கு ஆண்டு முழுவதும் போடும் மீனும் இறைச்சியும் என்று கணக்கு நீளும். நுண்ணிழைச் சிக்கலைக் குறைக்க வழி உண்டு. ஹூடின் ஓரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டைத் துவைக்கலாம். ஓரத்தை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, அகலப் பல் சீப்பால் வாரினால் பல ஆண்டுகள் தாங்கும். சூடு காட்டக் கூடாது. இழை உருகித் திரிந்துவிடும். சோளத்திலிருந்து ஒரு பங்கு மூலப்பொருளை எடுக்கும் இழைகளும் வரத் தொடங்கிவிட்டன. கூண்டு மிங்குக்கு இப்படி ஒரு வழியை எவராலும் சொல்ல முடியவில்லை.

ஏமாற்றும் உண்டு, அதுவும் நாம் எதிர்பார்க்கும் திசையில் இல்லை. நிஜ ஃபரைச் செயற்கை என்று சொல்லி விற்கிறார்கள். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2013இல் மூன்று விற்பனை நிறுவனங்கள்மீது இதற்காகவே நடவடிக்கை எடுத்தது. மலிவான முயல் தோலும் ரக்கூன் நாய்த் தோலும் நல்ல செயற்கை ஃபரைவிடக் குறைந்த விலைக்குக் கிடைப்பதுதான் காரணம். விலை குறைவு, ஆகவே செயற்கைதான் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஐரோப்பாவில் வாங்குகிறவர்கள், துணியல்லாத விலங்குப் பகுதிகள் இருப்பதாகச் சொல்லும் வரி சீட்டில் உண்டா என்று தேட வேண்டும். அங்கே அதை அச்சிடுவது சட்டப்படி கட்டாயம். அமெரிக்கச் சீட்டில் விலங்கின் பெயரே இருக்கும். சீட்டு இல்லாத இடத்தில் வாயும் விரலும் இருக்கின்றன, ஊதி விலக்கிப் பார்க்கலாம்.

"ஏற்கெனவே செத்துப்போனதுதானே, மாமா? நான் போட்டுக்கொள்ளாவிட்டால் அது உயிரோடு வந்துவிடுமா?" என்றாள் பெண். வராது. பழைய ஃபரைப் போடுகிறவரை நான் குற்றவாளி என்று சொல்லமாட்டேன். ஆனால் வின்னிபெக் பஸ் நிறுத்தத்தில் அவள் அருகில் நிற்கும் பெண்ணுக்கு அது பழையதா புதியதா என்று தெரியாது. அழகாக இருக்கிறது, எங்கே வாங்கினாய் என்றுதான் கேட்பாள். அடுத்த கேள்வி இன்னும் கூர்மையாக வந்தது: "அப்படியானால் உள்ளே இருக்கிற வாத்து இறகு?" அறுவடை முடிந்த வயலில் வாத்துக் கூட்டம் மேய்வதைப் பார்த்து வளர்ந்தவள் அப்படிக் கேட்டதில் ஆச்சரியமில்லை. உயிரோடு இறகு பிடுங்குவதும் உலகில் நடக்கிறது. அப்படிப் பிடுங்கவில்லை என்று சான்றளிக்கும் முறைகளும் இருக்கின்றன. இந்தக் கோட்டை அவிழ்த்து இறகைக் கொட்டினால் அவளுக்குக் குளிர்காப்பு இருக்காது. இதை இழை நைந்து போகும்வரை உடுத்திவிட்டு, அடுத்த கோட்டைப் பாலியஸ்டர் நிரப்பியதாக வாங்கிக்கொள் என்றேன். முழுத் திருப்தியான பதில் இல்லை என்பது எனக்கும் தெரியும். அவள் தலையாட்டினாள்.

ஹூடின் ஓரம் பொத்தான் போட்டு மாட்டியது, கழற்றக் கூடியது. கழற்றிக் காகிதத்தில் சுற்றிக் கோட்டின் சொந்தக்காரருக்கே திருப்பி அனுப்பிவிட்டோம். திருச்சியில் பொம்மை தைக்கிறவர்கள் வாங்கும் துணிக்கடையில், பழுப்பு நிறத்தில் நீண்ட இழைச் செயற்கை ஃபர் அரை மீட்டர் கிடைத்தது. எங்கள் தெருவின் தையற்காரர் அதை முதலில் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தார். வெட்டிய இடத்தில் இழை மொட்டையாகி, ஓரம் பொம்மைக் கரடியின் காதுபோல் நின்றது. தூக்கி ஒருபுறம் வைத்தார். மிச்சத் துணியைக் கவிழ்த்துப்போட்டு, பிளேடால் பின்பக்கப் பின்னலை மட்டும் மெல்லக் கீறினார். இழையில் ஒன்றுகூட அறுபடாமல் துண்டு தனியாகப் பிரிந்து வந்தது. இரண்டு துண்டுகளை இணைத்துத் தைத்தபின், தையலுக்குள் மாட்டிக்கொண்ட இழைகளைக் கோணி ஊசியின் நுனியால் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தையல் எங்கே என்றே தெரியவில்லை. பழைய பொத்தான் துளைகளுக்கு நேராக ஆறு பொத்தான்களை வைத்து மாட்டி, ஹூடை அவள் தலையில் ஏற்றிவிட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து அதன் எதிரே நிற்கச் சொன்னார்.